ஃபார்ச்சூனர் போன்ற பெரிய எஸ்யூவியில் ஷாக் அப்சார்பர் மாற்றுவது: வாங்குவதிலிருந்து கடைசி போல்ட் வரை

வண்டி 80,000 கி.மீ. தாண்டிவிட்டது, பள்ளத்தில் இறங்கினால் ஆட்டம் நிற்க நேரமாகிறது, பிரேக் போட்டால் மூக்கு தரையைப் பார்த்துக் குனிகிறது, மெக்கானிக்கும் "நாலு ஷாக்கையும் மாத்திடுங்க சார்" என்கிறார். இந்த நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நீங்களே கழற்றி மாட்டப் போகிறீர்களா, இல்லை பக்கத்தில் நின்று வேலை வாங்கப் போகிறீர்களா, எதுவானாலும் வேலையின் வரிசை தெரிந்திருக்க வேண்டும். நல்ல ஷாக்கை வாங்கி, வரிசை தப்பி மாட்டி, சில மாதத்திலேயே புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர்) கிழிந்து மறுபடி சத்தம் வந்த வண்டிகள் நிறைய.

உதாரணத்துக்கு டொயோட்டா ஃபார்ச்சூனரை எடுத்துக்கொள்கிறேன். லேடர் சேஸி வண்டி, அதாவது ஏணி மாதிரியான தனி இரும்புச் சட்டத்தின் மேல் பாடி உட்காரும். முன்னால் டபுள் விஷ்போன் ஆர்ம்களுக்கு (வீலை மேலும் கீழும் பிடித்திருக்கும் இரண்டு கைகள்) நடுவில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே அசெம்பிளியாக நிற்கும். பின்னால் சாலிட் ஆக்சில் (இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே அச்சு), ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. ஸ்கார்பியோ-என் வண்டியிலும் அடிப்படை அமைப்பு இதுதான். எக்ஸ்யூவி700, ஹாரியர், புது சஃபாரி ஆகியவற்றில் முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட், அதாவது அப்பர் ஆர்ம் இல்லாமல் ஷாக்கே வீலை மேலே பிடித்து நிற்கும் அமைப்பு. அங்கே மாறும் இடங்களை அந்தந்தப் படியில் சொல்கிறேன். ஏர் சஸ்பென்ஷனோ, ஷாக்கில் வயர் இணைப்போ உள்ள வண்டி என்றால் இந்த வழிமுறையை வைத்துக் கை வைக்காதீர்கள், அது வேறு வேலை.

1. போனது ஷாக்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். ஸ்பீடு பிரேக்கரில் "டக் டக்" என்று சத்தம் வந்ததுமே ஷாக் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தச் சத்தம் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க்கிலிருந்தோ (வண்டி சாய்வதைக் குறைக்கும் பாரைச் சக்கரப் பக்கத்தோடு சேர்க்கும் சின்னத் தண்டு), லோயர் ஆர்ம் புஷ்ஷிலிருந்தோ, பால் ஜாயின்ட்டிலிருந்தோதான் (உருண்டை மூட்டு) வரும். நான்கு ஷாக்குக்கும் பணம் கொடுத்த பிறகு அதே சத்தம் அதே இடத்தில் கேட்டால் எவ்வளவு வெறுப்பாக இருக்கும்! முதலில் லிங்க்கைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆர்ம் புஷ்ஷில் லிவரை வைத்து நெம்பிப் பாருங்கள்.

ஷாக் போனதற்கான அடையாளம் சத்தம் அல்ல, வண்டி நடந்துகொள்ளும் விதம். பாலத்து இணைப்பில் ஏறி இறங்கிய பின் வண்டி ஒரு தடவை அமுங்கி எழுந்து நின்றுவிட வேண்டும். அதற்கு மேலும் ஆடினால் சந்தேகப்படுங்கள். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலோ, கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ ஏறும்போது பின்சீட்டில் இருப்பவர்கள் முன்பைவிட அதிகம் சாய்கிறார்கள் என்றால் அதுவும் ஒரு அடையாளம்தான்.

அடுத்து, கீழே குனிந்து பாருங்கள். ஷாக்கின் உடம்பில் மெல்லிய ஈரத்தோடு தூசி ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், சீலைத் தாண்டி லேசாக ஆயில் கசிவது சகஜம். ஆயில் வழிந்து கீழ்க் கண் (கீழ் போல்ட் போகும் வளையம்) வரை இறங்கி, மண்ணோடு சேர்ந்து கருப்பு அப்பமாக ஒட்டியிருந்தால் அந்த ஷாக்கின் கதை முடிந்தது.

டயரையும் தடவிப் பாருங்கள். உள்ளங்கையை டயரின் மேல் வைத்து, சுற்றும் திசையிலேயே மெதுவாக நகர்த்துங்கள். மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று அலை அலையாகத் தட்டுப்பட்டால் சக்கரம் ரோட்டில் ஒட்டி ஓடாமல் குதித்து ஓடுகிறது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத தேய்மானம்கூடக் கைக்குத் தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை சூடு பார்ப்பது. மோசமான ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, புறங்கையால் ஒவ்வொரு ஷாக்கையும் தொட்டுப் பாருங்கள் (சைலன்சர் பைப் பக்கம் கை போக வேண்டாம்). ஆட்டத்தை அடக்கும்போது அந்தச் சக்தி ஆயிலில் வெப்பமாக மாறுகிறது, அதனால் வேலை செய்யும் ஷாக் சூடாக இருக்கும். ஒரே ஆக்சிலில் ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்தது வேலை செய்யவில்லை.

பானட்டை அமுக்கிவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணுவதை மட்டும் நம்ப வேண்டாம். ஏறக்குறைய இரண்டு டன் எடையுள்ள வண்டியில், தடித்த ஸ்பிரிங் மேல், நம் கை கொடுக்கும் அழுத்தம் எந்த மூலைக்கு? முழுதாகச் செத்துப்போன ஷாக்கை வேண்டுமானால் அது காட்டும், பாதி போனதைக் காட்டாது.

2. ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டதா என்று அளந்து பாருங்கள்

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் ஆட்டத்தை மட்டும்தான் அடக்கும். இது புரியாமல், பின்பக்கம் தாழ்ந்துவிட்டது என்று புது ஷாக் போட்டு, வண்டி உயரவே இல்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

சமதரையில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு, வீலின் மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இடது வலது வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தாலோ, ஆள் ஏறாமலே பின்பக்கம் தாழ்ந்திருந்தாலோ ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். முன்பக்கம் எப்படியும் ஸ்பிரிங்கைக் கழற்றத்தான் போகிறோம், அதே வேலையில் மாற்றினால் கூலி மிச்சம்.

எழுதிய இந்த அளவுகள் 9-ஆம் படியில் மறுபடி தேவைப்படும். சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

3. எதை வாங்குவது

முதல் விதி, ஒரே ஆக்சிலில் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் அவசரமாகப் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பணம் நெருக்கடி என்றால் முன் ஜோடியை இப்போது, பின் ஜோடியை அப்புறம் என்று பிரிக்கலாம்.

பார்ட் நம்பரை மாடல் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள், சேஸி நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள். டீசலா பெட்ரோலா, 4x2-வா 4x4-ஆ என்பதைப் பொறுத்து முன்னால் இறங்கும் எடை மாறும், அதற்கேற்ப ஷாக்கின் உள் வால்வும் மாறலாம். கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், ஓட்டினால்தான் வித்தியாசம் தெரியும்.

உள்ளமைப்பில் இரண்டு வகை. ட்வின் டியூப்பில் குழாய்க்குள் குழாய் இருக்கும். கல் அடித்து வெளிக்குழாய் லேசாக ஒடுங்கினாலும் உள்ளே பிஸ்டன் தடையில்லாமல் ஓடும். மோனோ டியூப்பில் ஒரே குழாய், உள்ளே அதிக அழுத்தத்தில் நைட்ரஜன். சூடு சீக்கிரம் வெளியேறும், அதனால் நீண்ட மலைப்பாதையிலும் மோசமான ரோட்டிலும் சோர்ந்துபோகாது. ஆனால் குழாய் ஒடுங்கினால் பிஸ்டன் அங்கேயே உரசி நிற்கும். கேஒய்பியின் எக்செல்-ஜி, ஓல்டு மேன் எமுவின் நைட்ரோசார்ஜர் ட்வின் டியூப் வகை. பில்ஸ்டீன் பி6 மோனோ டியூப்.

என் கருத்து கேட்டால், குடும்பத்தோடு டவுனும் ஹைவேயும் ஓடுகிற வண்டிக்குக் கம்பெனி கொடுத்த வகையே போதும். எப்போதும் ஏழு பேரும் மேலே கேரியரில் சாமானுமாக ஓடுகிற வண்டிக்கோ, எஸ்டேட் ரோட்டில் தினமும் ஏறி இறங்குகிற வண்டிக்கோ மோனோ டியூப்புக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்போகாது. "ஸ்டிஃப்பா இருந்தா நல்லது" என்று நினைத்து வாங்கிவிட்டு, டவுனில் ஒவ்வொரு குழிக்கும் முதுகு வலிக்கிறது என்று வருத்தப்படுபவர்கள் அதிகம்.

வண்டியை உயர்த்த வேண்டும் என்ற ஆசையில் நீளமான ஷாக் வாங்குவதை இந்த வேலையோடு கலக்காதீர்கள். 4x4-இல் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம், பிரேக் ஹோஸின் நீளம், வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, இன்சூரன்ஸ் என்று எல்லாவற்றையும் யோசித்துச் செய்ய வேண்டிய தனி வேலை அது.

பழைய ஷாக் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், உள்ளே வால்வு எந்த நிலையில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. புதுசு வாங்கும்போது பில்லோடு வாங்குங்கள், இந்தச் சாமானில் போலி உண்டு. ஷாக்கோடு சேர்த்து மேல் மவுண்ட் (ஷாக்கை மேலே வண்டியோடு பிடிக்கும் பாகம்), பம்ப் ஸ்டாப்பர் (முழுதாக அமுங்கும்போது அடியைத் தாங்கும் ரப்பர்), டஸ்ட் பூட் (தூசி மறைக்கும் உறை), ஸ்பிரிங் சீட் ரப்பர் ஆகியவற்றையும் வாங்கிவிடுங்கள். பழைய பூட் கிழிந்திருந்தால் தூசி நேராகப் புது ராடில் (ஷாக்குக்குள் போய் வரும் தண்டு) உட்கார்ந்து சீலை அறுக்கும்.

4. வேலைக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

3 டன் தாங்கும் ஃப்ளோர் ஜாக்கி, அதே அளவு தாங்கும் ஸ்டாண்ட் இரண்டு, இன்னொரு சின்ன ஜாக்கி, வீல் கட்டை. 10 முதல் 22 வரை சாக்கெட், அதே அளவில் ரிங் ஸ்பேனர், நீளமான பிரேக்கர் பார், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்), நெம்ப ஒரு லிவர், பெயின்ட் மார்க்கர், கட்டுக்கம்பி. உங்கள் வண்டியின் டார்க் அளவுகளை சர்வீஸ் மேனுவலிலிருந்து ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டிவையுங்கள். "கைக்கணக்கு" இந்த வேலையில் சரிப்படாது.

முந்தைய நாளே எல்லா நட்டிலும் துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்து ஊறவிடுங்கள். தூத்துக்குடி, ராமநாதபுரம், ஈசிஆர் பக்கம் ஓடுகிற வண்டி என்றால் இரண்டு நாள் முன்பே அடியுங்கள். உப்புக் காற்றில் கீழ் போல்ட், புஷ்ஷின் உள் இரும்புக் குழாயோடு ஒட்டிப் பிடித்திருக்கும். அதைத் தட்டும்போது நட்டை முழுதாகக் கழற்றாமல் சில மரை விட்டு வைத்துத் தட்டுங்கள், இல்லாவிட்டால் மரை நசுங்கி போல்ட்டும் போய்விடும்.

5. வண்டியைத் தூக்குவது

சமமான கான்கிரீட் தரை வேண்டும். கத்திரி வெயிலில் தார் ரோடு இளகி ஸ்டாண்டின் கால் உள்ளே இறங்கும், மண் தரை கேட்கவே வேண்டாம். வேறு வழியில்லை என்றால் தடித்த பலகை போடுங்கள்.

வீல் நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே கால்வாசிச் சுற்று இளக்கிவிடுங்கள். தூக்கிய பின் முயன்றால் வீல் சுற்றும், வண்டி ஸ்டாண்டில் ஆடும்.

ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களைத்தான். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அதனால் பயனில்லை. கியரில் போட்டிருக்கிறேன் என்பதும் போதாது, ஒரு பின்சக்கரம் காற்றில் இருந்தால் டிஃபரென்ஷியல் அதைச் சுற்றவிட்டு வண்டியை உருளவிடும். முன்சக்கரங்களுக்கு இரு புறமும் கட்டை வைத்த பிறகுதான் ஜாக்கியைத் தொட வேண்டும். ஸ்டாண்ட் சேஸி ஃப்ரேமில் நிற்கட்டும். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே தலையை நீட்டாதீர்கள், இதில் விதிவிலக்கே கிடையாது.

6. பின்பக்கத்தை முதலில் முடியுங்கள்

முதல் தடவை செய்பவர் பின்னாலிருந்து தொடங்குவது நல்லது. ஸ்பிரிங்கைத் தொட வேண்டியதில்லை, கையும் பழகும்.

ஃப்ரேமை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, ஜாக்கியை ஆக்சிலுக்குக் கீழே கொண்டுவந்து தாங்கிப் பிடியுங்கள். ஆக்சில் இன்னும் கீழே போகாமல் தடுத்துக்கொண்டிருப்பதே ஷாக்தான். தாங்கல் இல்லாமல் அதைக் கழற்றினால் ஆக்சில் சடாரென்று இறங்கி பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் இழுக்கும், ஸ்பிரிங் இருப்பிடத்தை விட்டு வெளியே வரலாம். அதே காரணத்துக்காக ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள்.

கீழ் போல்ட், பிறகு மேல் நட்டு. மேலே ராடு சேர்ந்து சுற்றினால் அதன் நுனியில் ஸ்பேனர் பிடிக்க இடம் இருக்கும், அங்கே பிடித்துத் திருப்புங்கள். புது ஷாக்கின் பளபளக்கும் ராடைப் ப்ளையரால் பிடிக்கவே கூடாது. நகக்கீறல் அளவு கோடு விழுந்தால் போதும், மேலும் கீழும் ஓடி ஓடி சீலைக் கிழித்துவிடும்.

மாட்டும் முன் ஒரு வேலை இருக்கிறது. ட்வின் டியூப் ஷாக் கடையில் படுத்தவாக்கில் கிடந்திருக்கும், காற்று ஆயிலுக்குள் புகுந்திருக்கும். நிமிர்த்திப் பிடித்து, முழுதாக அமுக்கி, முழுதாக இழுத்து, அந்தத் தொள தொளப்பு போகும் வரை செய்யுங்கள். இதை விட்டுவிட்டு "புது ஷாக்கில் சத்தம் வருகிறது" என்று திரும்ப எடுத்துப் போகிறவர்கள் உண்டு.

புது ஷாக்கை மாட்டி, நட்டுகளைக் கையால் திருகி ஓட விடுங்கள். மேலே ரப்பர் வாசரும் ஸ்டட்டும் உள்ள வகை என்றால் அந்த நட்டை மட்டும் மேனுவல் அளவுக்கு இறுக்கலாம். ரப்பர் சப்பையாகிப் பிதுங்கும் வரை போகாதீர்கள். கண்ணும் போல்ட்டும் உள்ள முனையை இன்னும் இறுக்க வேண்டாம். காரணம் 9-இல்.

7. முன்பக்கம் கழற்றுவது

முன்னால் தூக்கி ஸ்டாண்டில் வைத்து வீலைக் கழற்றுங்கள், இப்போது கட்டை பின்சக்கரங்களுக்கு. ஸ்டெபிலைசர் லிங்க்கை இரண்டு பக்கமும் கழற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் பார் முறுக்கிக்கொண்டு ஆர்மை இறங்க விடாது, நீங்கள் லிவரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் பிடிக்கப்பட்டிருக்கும் கிளிப்புகளை விடுவியுங்கள். லோயர் ஆர்முக்குக் கீழே சின்ன ஜாக்கியை வைத்துத் தாங்குங்கள்.

அடுத்தது மிக முக்கியம். மேலே அசெம்பிளியைப் பிடித்திருக்கும் மூன்று நட்டுகள் ஓரத்தில் இருக்கும், நடுவில் ஒரு பெரிய நட்டு இருக்கும். நடு நட்டைத் தொடாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் மொத்தத்தையும் அடக்கி வைத்திருப்பது அதுதான், வண்டியில் இருக்கும்போது அதைக் கழற்றினால் ஸ்பிரிங் வெடித்துக்கொண்டு கிளம்பும். ஓர நட்டுகளில் இரண்டை எடுத்துவிட்டு மூன்றாவதைச் சில மரையில் விட்டு வையுங்கள். அப்புறம் கீழ் போல்ட்டை உருவி, ஆர்மை மெல்ல இறக்கி, ஒருவர் அசெம்பிளியைப் பிடித்துக்கொண்ட பிறகு கடைசி நட்டை எடுங்கள். கனமான சாமான், காலில் விழுந்தால் எலும்பு போகும்.

வெளியே எடுக்க இடம் போதவில்லை என்றால் அப்பர் ஆர்ம் பால் ஜாயின்ட்டைப் பிரிக்கலாம். அப்போது நக்கிள் (வீல் ஹப்பைத் தாங்கும் இரும்புப் பாகம்) வெளிப்பக்கம் சாயும். கட்டுக்கம்பியால் கட்டி நிறுத்துங்கள், பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. 4x4 என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் பிடுங்கிக்கொள்ளாமலும் பார்க்க வேண்டும். லோயர் ஆர்மின் உட்பக்க கேம் போல்ட்டுகளைத் தொடாதீர்கள், சக்கரம் நிற்கும் கோணங்களான கேம்பரும் கேஸ்டரும் அதில்தான் இருக்கின்றன.

மெக்பர்சன் ஸ்ட்ரட் வண்டி என்றால், ஸ்ட்ரட் நக்கிளோடு சேரும் இடத்தில் பழைய நிலையைப் பெயின்டால் குறித்துக்கொண்டு கழற்றுங்கள்.

8. ஸ்பிரிங்கை அமுக்கி ஷாக்கைப் பிரிப்பது

இந்த ஒரு படியை வீட்டில் செய்யாதீர்கள் என்பதே என் யோசனை. மெல்லிய கொக்கி வைத்த கையடக்க கம்ப்ரஸர் இந்தக் கனமான ஸ்பிரிங்குக்குப் போதாது, நழுவினால் ஆள் உயிருக்கே ஆபத்து. கழற்றிய அசெம்பிளியைத் தூக்கிக்கொண்டு, பெஞ்சிலோ சுவரிலோ பொருத்திய கம்ப்ரஸர் உள்ள பட்டறைக்குப் போங்கள். கொஞ்சம் கூலிதான் ஆகும்.

போகும் முன் மார்க்கரால் கோடு போடுங்கள்: மேல் மவுண்ட், ஸ்பிரிங், கீழ் சீட் எல்லாவற்றையும் தொட்டு ஒரே நேர்க்கோடு. மேல் மவுண்ட்டின் மூன்று ஸ்டட்டுகளுக்கும் கீழ்க் கண்ணுக்கும் இடையே உள்ள கோணம் மாறினால் வண்டியில் மேலே மாட்டினால் கீழே சேராது. சில வண்டிகளில் இடது வலது ஸ்பிரிங்கின் நீளமே வேறு, அதனால் எது எந்தப் பக்கம் என்றும் எழுதுங்கள்.

பட்டறையில் இரண்டைக் கவனியுங்கள். ஸ்பிரிங்கின் கீழ் முனை சீட்டில் உள்ள பள்ளத்தில் போய் முட்டி நிற்க வேண்டும், ஏறி உட்கார்ந்திருந்தால் ஓடும்போது "டங்" என்று இறங்கும். நடு நட்டை ஏர் கன்னால் அடிக்க விடாதீர்கள், ராடு உள்ளே சுழன்று சீலும் பிஸ்டன் நட்டும் பாதிக்கப்படும். ராடைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் இறுக்கச் சொல்லுங்கள். பழைய நட்டு வேண்டாம், புதுசோடு வந்ததைப் போடுங்கள்.

9. திரும்ப மாட்டி, எடையில் நிறுத்தி இறுக்குவது

மேலே மூன்று நட்டுகளையும் கையால் ஓட்டி, கீழ்க் கண்ணை ஆர்மில் சேர்த்து போல்ட்டைப் போடுங்கள். மேலே முதலிலேயே இறுக்கிவிட்டால் கீழே துளை சேர மறுக்கும். பால் ஜாயின்ட் பிரித்திருந்தால் சேர்த்து இறுக்கி, புது காட்டர் பின் (நட்டு கழன்றுவிடாமல் பூட்டும் கம்பி) போடுங்கள். மேல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் முடியுங்கள். லிங்க்கை இரண்டு பக்கமும் ஆர்ம் ஒரே உயரத்தில் இருக்கும்போது மாட்டுங்கள்.

கீழ் போல்ட் மட்டும், முன்னாலும் பின்னாலும், இன்னும் முழுதாக இறுக்கப்படாமல் இருக்க வேண்டும். புஷ் என்பது உள்ளே ஒரு இரும்புக் குழாய், அதைச் சுற்றி ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள் குழாய் அசையாமல் பிடிபடும், அதற்கப்புறம் ஆர்ம் அசையும்போதெல்லாம் முறுக்கிக்கொள்வது ரப்பர்தான். வீல் தொங்கும்போது இறுக்கினால் அந்தத் தொங்கும் நிலைதான் ரப்பருக்கு இயல்பு நிலை. வண்டியை இறக்கியதும் அது முறுக்கியே நிற்கும், பள்ளத்தில் இன்னும் முறுக்கும், சீக்கிரம் கிழியும். அவசரத்தில் பல பட்டறைகள் தாண்டிப் போகும் படி இது.

அதனால் வீலை மாட்டி வண்டியைத் தரையில் இறக்குங்கள். முன்னும் பின்னும் சில முறை உருட்டி, பம்பரை அமுக்கிவிட்டு, வண்டி தன் எடையில் நின்ற பிறகு கீழ் போல்ட்டுகளை மேனுவல் அளவுக்கு இறுக்குங்கள். கீழே கை போக இடமில்லை என்றால், வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே ஆர்முக்கோ ஆக்சிலுக்கோ கீழே ஜாக்கியால் மெல்லத் தூக்குங்கள். 2-ஆம் படியில் எழுதி வைத்த அந்த உயரம் வரும்போது நிறுத்தி இறுக்குங்கள். ஸ்பிரிங்கும் மாற்றியிருந்தால் பழைய அளவு பொருந்தாது, தரையில் இறக்கித்தான் இறுக்க வேண்டும். வீல் நட்டுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி டார்க் ரெஞ்சால் முடியுங்கள்.

10. ஓட்டிப் பார்த்து அலைன்மென்ட்

முதலில் பக்கத்துத் தெருவில் மெதுவாக ஒரு சுற்று. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, பிரேக் ஹோஸோ வயரோ எங்கும் உரசவில்லை, இழுபடவில்லை என்று பாருங்கள். சத்தம் வந்தால் லிங்க் நட்டு, மேல் நட்டு, ஸ்பிரிங் முனை என்ற வரிசையில் தேடுங்கள்.

அப்புறம் நேராக வீல் அலைன்மென்ட். கேம் போல்ட்டைத் தொடவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், வண்டியின் உயரம் சில மி.மீ. மாறினாலே டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறும். மெக்பர்சன் வண்டியில் நக்கிள் போல்ட்டைக் கழற்றியிருப்பதால் கேம்பரும் மாறியிருக்கும். புது ஸ்பிரிங் போட்டிருந்தால் சில நூறு கி.மீ. ஓடி அது படிந்த பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

1,000 கி.மீ.க்குள் ஒரு நாள் மறுபடி கீழே குனிந்து, எல்லா போல்ட்டிலும் டார்க் ரெஞ்சை வைத்துப் பார்த்துவிட்டு, இறுக்கம் சரியாக இருப்பதன் மேல் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த சர்வீஸில் அந்தக் கோடு விலகியிருந்தால் எந்த போல்ட் இளகியது என்று உடனே தெரிந்துவிடும்.